மெடிக்ளைம் எடுக்கிறவர்கள் ஓடிபி எண்ணைச் சொல்வதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, விகேபுரம் பக்கம் இப்போது மறுபடியும் வீடு வீடாக மெடிக்ளைம் பாலிசி விற்க ஆட்கள் வருகிறார்கள். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 விழுக்காடு ஜிஎஸ்டியை 2025 செப்டம்பர் 22 முதல் எடுத்துவிட்டார்கள் என்பதால் பேச்சு இன்னும் சூடாக இருக்கிறது. எடுக்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் அம்மாவுக்கு நடந்ததைத் தெரிந்துகொண்டு எடுங்கள்.

2020 ஜூலை மாதம், கொரோனா நேரம். கடையைப் பாதி நாள்தான் திறக்க முடிந்தது. அப்பாவோடு வேலை பார்த்த ஒருவரின் மகன் வீட்டுக்கு வந்தார், சின்ன வயதிலிருந்து தெரிந்த பையன். "அண்ணாச்சி, காலம் கெட்டுக் கெடக்கு, அம்மா பேர்ல ஒன்னு போட்டு வச்சிருங்க" என்றார். மூன்று லட்சத்துக்கு வருடம் பதினாலாயிரத்துச் சொச்சம். அம்மாவுக்கு அப்போது 58 வயது. அந்தப் பையன் திண்ணையில் உட்கார்ந்து செல்போனில் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். பேர், பிறந்த தேதி, ஆதார். "எதுவும் மாத்திரை எடுக்கீங்களாம்மா?" என்று கேட்டார். அம்மா உள்ளே போய், மாத்திரை அட்டைகளைப் போட்டு வைத்திருக்கும் பழைய பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து அவர் முன்னாலேயே திறந்து காட்டினாள். பிரஷருக்கு அம்லோடிபின், ஒரு வாய்வு மாத்திரை, ஒரு சத்து மாத்திரை. "பிரஷர் எல்லாருக்கும் உள்ளதுதாம்மா" என்று சொல்லிவிட்டு அவர் தட்டுவதைத் தொடர்ந்தார். கடைசியில் என் போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வந்தது. "அந்த ஓடிபி என்னன்னு சொல்லுங்கண்ணாச்சி." சொன்னேன்.

அந்த ஆறு எண்தான் கையெழுத்து. எந்தக் காகிதத்துக்கு அது கையெழுத்து என்பதை நான் நாலு வருடம் கழித்துத்தான் பார்த்தேன்.

2024 நவம்பரில் ஒரு நாள் விடியற்காலை அம்மாவுக்கு நெஞ்சு அடைத்தது. அம்பையில் ஈசிஜி பார்த்து, உடனே திருநெல்வேலிக்குக் கொண்டு போங்கள் என்றார்கள். ஆம்புலன்சில் போகும்போதே தங்கச்சி, "அண்ணே, ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கே போயிருவோம், அங்க நல்லா பாக்காங்க" என்றாள். நான்தான், பாலிசி இருக்கிறதே, வருடா வருடம் பணம் கட்டியிருக்கிறோமே என்று பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையைச் சொன்னேன். கேஷ்லெஸ் உண்டு, அதாவது பில்லை நாம் கட்டவேண்டாம், இன்சூரன்ஸ் கம்பெனியே மருத்துவமனைக்குக் கட்டிவிடும் என்று அங்கே போர்டே வைத்திருந்தார்கள். ரத்தக்குழாயில் அடைப்பு, ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். வைத்தியத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அம்மா பிழைத்துக்கொண்டாள்.

உள்ளே எடுத்துக்கொண்டு போகும்போது டியூட்டி டாக்டர் ஒரு பெண் பிள்ளை, "எத்தனை வருஷமா பிரஷர் இருக்கும்மா?" என்று கேட்க, அந்த வலியிலும் அம்மா, "அது ஆச்சும்மா எட்டு வருஷம்" என்றாள். அவர் அதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதினார். எழுதத்தான் வேண்டும். டாக்டரிடம் உண்மையைச் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

நாலாம் நாள் காலை பத்து மணிக்கு, வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். பில் 2,86,000 ரூபாய். இன்சூரன்ஸ் கவுன்டரில் போய் நின்றால், அனுப்பியிருக்கிறோம், பதில் வரவில்லை என்கிறார்கள். பன்னிரண்டு மணிக்கு அதே பதில். மூன்று மணிக்கு அதே பதில். அம்மா சேலை மாற்றி, தலை சீவி, பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ராத்திரி ஏழே முக்காலுக்கு மெயில் வந்தது: கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. பாலிசி எடுக்கும்போது ரத்த அழுத்தம் இருந்ததை மறைத்துவிட்டோமாம். ஆதாரம், கேஸ் ஷீட்டில் இருந்த அந்த எட்டு வருஷம். பாலிசியையும் ரத்து செய்வதாகப் பத்து நாள் கழித்துத் தனிக் கடிதம் வந்தது. கட்டிய ஐந்து பிரீமியமும் போச்சு.

அன்றைக்கு ராத்திரி கிளம்ப முடியவில்லை. மறுநாள் காலையில் மயினி தன் செயினையும் நாலு வளையலையும் கழற்றிக் கொடுத்தாள். அதை அடகு வைத்துப் பணம் கட்டித்தான் அம்மாவை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தோம். கூடத் தங்கிய ஒரு நாளுக்கும் ரூம் வாடகை போட்டிருந்தார்கள்.

இதில் எனக்கு அன்றைக்குத் தெரியாத ஒன்று உண்டு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே 29 அன்று ஒரு சுற்றறிக்கை போட்டிருக்கிறது. கேஷ்லெஸ் கோரிக்கை வந்தால் கம்பெனி ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் என்றால் மூன்று மணி நேரத்துக்குள் இறுதி ஒப்புதல் தர வேண்டும். தாமதத்தால் மருத்துவமனை கூடுதலாகக் கேட்கிற பணத்தைக் கம்பெனியே ஏற்க வேண்டும். நாங்கள் அங்கே உட்கார்ந்திருந்தபோது இந்த விதி அமலில்தான் இருந்தது. கவுன்டரில் இருந்தவர்களுக்கும் தெரிந்திருக்கும். யாரும் வாய் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு முன்மொழிவுப் படிவத்தின், அதாவது அந்தப் பையன் செல்போனில் நிரப்பிய விண்ணப்பத்தின், நகலைக் கேட்டு மூன்று மெயில் அனுப்பி வாங்கினேன். பாலிசி தரும்போதே அவர்கள் தந்திருக்க வேண்டியது அது. முழுக்க ஆங்கிலம். உடல்நலம் பற்றிய கேள்விகள் வரிசையாக இருக்கின்றன, சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, தொடர்ந்து மருந்து சாப்பிடுகிறாரா. ஒவ்வொன்றுக்கும் 'இல்லை', 'இல்லை', 'இல்லை'. கீழே, 'மேற்கண்டவற்றைப் படித்துப் புரிந்துகொண்டேன்' என்று அர்த்தம் வருகிற ஒரு வரி, அதற்குப் பக்கத்தில் நான் ஓடிபி சொன்ன நேரம், நிமிடம் வினாடி வரைக்கும். எங்கள் அம்மா ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் படித்தவள். டப்பாவைத் திறந்து காட்டியதற்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை.

அந்தப் பையனைப் போய்க் கேட்டேன். "பிரஷர்னு போட்டா டெஸ்ட்டு எடுக்கச் சொல்லுவாங்க, லேட்டாகும், அதான் அண்ணாச்சி" என்றார். மனசு விட்டுப் போச்சு. ஏனென்றால் உண்மையை எழுதியிருந்தால் எங்களுக்குப் பணம் வந்திருக்கும்! ஏற்கெனவே உள்ள நோய்க்கு எங்கள் பாலிசியில் காத்திருப்புக் காலம் நாலு வருடம், அதுவரைதான் அந்த நோய்க்குப் பணம் தரமாட்டார்கள். அது 2024 ஜூலையிலேயே முடிந்துவிட்டது. அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்தது நவம்பரில். அவர் ஒரு 'ஆம்' போட்டிருந்தால் பிரீமியம் கொஞ்சம் கூடியிருக்கும், அவ்வளவுதான்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். 1938-ஆம் வருடத்துக் காப்பீட்டுச் சட்டத்தில் 45-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஆயுள் காப்பீடு எடுத்து மூன்று வருடம் முடிந்துவிட்டால், அதற்கப்புறம் நீ அதை மறைத்தாய், இதைச் சொல்லவில்லை என்று கம்பெனி எந்தக் காரணத்தைக் காட்டியும் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது. 2015-இல் நாடாளுமன்றம் இதைத் திருத்தி உறுதியாக்கியது. ஆனால் இது ஆயுள் காப்பீட்டுக்கு மட்டும்தான். மருத்துவக் காப்பீட்டுக்கு இப்படி ஒரு பிரிவு சட்டத்தில் கிடையாது. ஆணையத்தின் விதிதான் உண்டு. அது முதலில் எட்டு வருடம் என்றது, 2024-இல் ஐந்து வருடமாகக் குறைத்தது, அதிலும் மோசடி என்று கம்பெனி நிரூபித்தால் பாதுகாப்பு இல்லை. எங்கள் அம்மாவின் பாலிசிக்கு அன்றைக்கு 52 மாதம். இன்னும் எட்டு மாதம் போயிருந்தால் தப்பித்திருப்போம். ஆயுள் காப்பீட்டுக்கு உள்ள மூன்று வருடக் கணக்கு இதற்கும் இருந்திருந்தால், நெஞ்சு வலி வருவதற்கு ஒரு வருடம் முன்னாலேயே யாரும் தொட முடியாத பாலிசி ஆகியிருக்கும். செத்தால் கிடைக்கிற பணத்துக்கு உள்ள பாதுகாப்பு, பிழைக்க வைக்கிற பணத்துக்கு ஏன் இல்லை?

இது எங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை. ஆணையத்தின் 2023-24 ஆண்டறிக்கைப்படி மக்கள் மருத்துவக் காப்பீட்டில் கேட்ட தொகை சுமார் 1.17 லட்சம் கோடி ரூபாய், கொடுத்தது 83,493 கோடி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மத்திய அரசு 2024 அக்டோபரிலிருந்து வருமானம் பார்க்காமல் தருகிற ஐந்து லட்சத்துக்கு வயது 70 ஆக வேண்டும். இப்படி எந்தக் காப்பீட்டிலும் அடங்காத, கடை வைத்து, ஆட்டோ ஓட்டி, சின்னக் கம்பெனியில் வேலை பார்த்துப் பிழைக்கிற ஆட்கள் நாட்டில் ஏறக்குறைய 40 கோடிப் பேர் என்று நிதி ஆயோக்கே 2021-இல் எழுதியிருக்கிறது. இவர்கள் வீட்டுத் திண்ணைக்குத்தான் ஏஜென்ட் வருகிறார்.

விதி நல்லதாக இருந்தால் போதாதா, எதற்குச் சட்டம் என்று என் மைத்துனர் கேட்டார். அம்மாவின் பில்லையே அவரிடம் எடுத்துக் காட்டினேன். ரூம், டாக்டர் வருகை, நர்சிங், கேத் லேப், எல்லாம் அவர்கள் வைத்ததுதான் விலை. ஸ்டென்ட் ஒன்று மட்டும் அரசு வரம்புக்குள் இருந்தது. பெட்டியில் இருந்த ஸ்டிக்கரைக் கிழித்து, விலை தெரிகிற மாதிரி ஒட்டியிருந்தார்கள். ஏனென்றால் 2017 பிப்ரவரியில் ஸ்டென்ட்டுக்கு உச்சவரம்பு விலை வைத்துவிட்டார்கள், மீறினால் சட்டம் பாயும். அதுவரை லட்சத்துக்கு மேல் விற்ற மருந்து பூசிய ஸ்டென்ட் ஒரே ராத்திரியில் 29,600 ரூபாய்க்கு இறங்கியது. சட்டத்தின் பயம் இருக்கிற இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள், சுற்றறிக்கை மட்டும் இருக்கிற இடத்தில் ராத்திரி ஏழே முக்கால் வரை உட்கார வைக்கிறார்கள்.

அதனால்தான் நாடு முழுமைக்கும் ஒரு மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் வேண்டும் என்கிறேன். படிவம் வாங்குகிறவரின் மொழியில் இருக்க வேண்டும், நம் ஊரில் என்றால் தமிழில். உடல்நலத்தைச் சோதிப்பதென்றால் பிரீமியம் வாங்குவதற்கு முன்னால் கம்பெனி சோதிக்கட்டும். பணத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு, ஆள் படுத்த பிறகு பழைய சீட்டைத் தோண்டக் கூடாது. 2021 டிசம்பரில் மன்மோகன் நந்தா வழக்கில், உடல்நிலையைப் பார்த்து பாலிசி கொடுத்துவிட்டால், படிவத்தில் சொல்லியிருக்கிற நோயைக் காட்டி அப்புறம் மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் ஒவ்வொரு குடும்பமும் உச்ச நீதிமன்றம் வரை போக முடியுமா? ஏஜென்ட் தவறாக நிரப்பினால் அந்தத் தவறு கம்பெனியைத்தான் சேர வேண்டும், கமிஷன் கொடுத்து அனுப்பியது அவர்கள்தானே. ஒரு மணி நேரம், மூன்று மணி நேரம் என்பதையும் சட்டத்தில் எழுதி, தவறினால் நோயாளி கைக்கு அபராதம் போகிற மாதிரி செய்ய வேண்டும். காப்பீட்டுத் துறையில் அந்நிய முதலீட்டு வரம்பை 74-இலிருந்து 100 விழுக்காடாக உயர்த்த 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டத் திருத்தம் செய்திருக்கிறது. முதலீட்டுக்கு நேரம் கிடைத்த அவையில் இதற்கும் நேரம் கிடைக்கும்.

எங்கள் விஷயம் எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதினேன், மாறாத பதில் வந்தது. அப்புறம் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதினேன். வக்கீல் வேண்டாம், கட்டணம் கிடையாது, நிராகரித்த ஒரு வருடத்துக்குள் எழுதினால் போதும். விசாரணை வீடியோவில் நடந்தது. அம்மாவே பேசினாள், அந்த பிஸ்கட் டப்பாவையும் கேமரா முன்னால் காட்டினாள். படிவ நகல் எங்களுக்குத் தரப்படவே இல்லை என்பதும், காத்திருப்புக் காலம் முடிந்திருந்தது என்பதும் எங்களுக்குக் கைகொடுத்தன. 2025 ஆகஸ்டில் 2,41,000 ரூபாய் வந்தது. நகையைத் திருப்பினோம். ஒன்பது மாத வட்டி எங்கள் கையை விட்டுத்தான் போனது. அந்த ஒன்பது மாதமும் ஒரு கல்யாண வீட்டுக்குக்கூட மயினி போகவில்லை, வெறுங்கழுத்தோடு போக முடியாது என்று.

நீங்கள் பாலிசி எடுத்திருந்தால் இன்றைக்கே படிவ நகலைக் கேட்டு வாங்கி, வீட்டில் படித்த பிள்ளையை விட்டு ஒவ்வொரு கேள்வியாக வாசிக்கச் சொல்லுங்கள். தவறாக இருந்தால் இப்போதே எழுத்தில் தெரிவித்துத் திருத்துங்கள், பிரீமியம் ஏறினாலும் பரவாயில்லை. புதிதாக எடுத்தவர்களுக்கு முப்பது நாள் அவகாசம் உண்டு, பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். பாலிசியின் முக்கிய விவரங்கள் அடங்கிய தகவல் தாளைத் தமிழில் கேளுங்கள், கேட்டால் தர வேண்டும் என்பது விதி. யாராவது இழுத்தடித்தால் 155255 என்ற இலவச எண்ணில் ஆணையத்துக்கே புகார் சொல்லலாம். ஓடிபி வந்தால், முழுப் படிவத்தையும் வாசித்துக் காட்டிய பிறகு சொல்கிறேன் என்று சொல்லுங்கள். முகத்துக்காகப் பார்க்காதீர்கள், தெரிந்த பையனாக இருந்தாலும் சரி.

ஆயுள் காப்பீட்டுக்கு உள்ள 45-ஆம் பிரிவை மருத்துவக் காப்பீட்டுக்கும் கொண்டுவர வேண்டும் என்று கேட்டு நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன். தமிழில் ஒன்றரைப் பக்கம். முதல் கையெழுத்து அம்மாவுடையது. ஒவ்வொரு வரியையும் அவளே வாசித்துப் பார்த்து, அப்புறம்தான் போட்டாள்.