பாகுபலியும் பொன்னியின் செல்வனும்: தோட்டத்துப் பார்வையில் பாத்திரங்கள்

பாகுபலிப் படங்கள் (2015, 2017) உயர்ந்தவையா, பொன்னியின் செல்வன் படங்கள் (2022, 2023) உயர்ந்தவையா என்ற வழக்கு மலேசியாவில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட்டில் இன்னும் ஓயவில்லை. இளைஞர்கள் பெரும்பாலும் பாகுபலியின் பக்கம்; கல்கியை வாசித்து வளர்ந்தவர்கள் மறுபக்கம். போர்க்களப் பிரம்மாண்டத்தில் ராஜமௌலியை மணிரத்னம் எட்டவில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

பாகுபலியில் என்னை உறுத்துவது காலகேயர்களின் சித்திரிப்பு. மகிழ்மதியின் மீது படையெடுத்து வரும் அவர்கள் கரிய மேனியர். மதன் கார்க்கி உருவாக்கிய கிளிக்கி மொழியைப் பேசுகிறார்கள். ஒரு மொழியையே படைத்த உழைப்பு வியப்புக்குரியது என்றாலும், அது அவர்களுடைய பசியையோ நியாயத்தையோ நமக்குச் சொல்ல உதவாமல், அச்சமூட்டும் ஒலியாகவே நின்றுவிடுகிறது. நிறத்துக்காகக் கேலிக்கு ஆளாகும் நம் பிள்ளைகள், கறுத்தவன் கொடியவன் என்பதைத் திரையிலும் பார்த்துப் பழக வேண்டுமா என்று, பால்மரம் வெட்டி எங்களை வளர்த்த பெரியம்மா கேட்டார். கதைதானே என்று சொல்லும் ரசிகர்களின் பதில் எனக்குப் போதவில்லை.

மணிரத்னத்தின் மந்தாகினிக்கோ பேச்சே கிடையாது. ஆயினும் சோழ இளவரசன் அருள்மொழியைக் காக்கத் துடிக்கும் அவளுடைய மனம் ஒரு சொல்லும் இல்லாமல் நமக்குப் புரிகிறது.

பெண் பாத்திரங்களில் தீர்ப்பு அவ்வளவு எளிதன்று. கோயில் வரிசையில் பெண்களிடம் அத்துமீறியவனின் விரல்களை வெட்டும் தேவசேனையைப் போன்ற துணிவுக் காட்சி பொன்னியின் செல்வனில் இல்லை. ஆனால் அதே பாகுபலியின் முதல் பாகத்தில், வீராங்கனை அவந்திகாவின் விருப்பத்தைக் கேளாமலே நாயகன் அவள் ஆடையைக் களைந்து அழகுபடுத்துவது காதலாகக் காட்டப்படுகிறது. பொன்னியின் செல்வனிலோ, சோழ இளவரசி குந்தவையும் அவளுடைய எதிரி நந்தினியும் நேருக்கு நேர் நின்று பேசும் காட்சியில் இருவரின் அறிவும் மோதுகிறது. அங்கே அவர்களுடைய மதிப்பை அளக்க ஓர் ஆண் தேவைப்படவில்லை. இவ்வகையில் என் வாக்கு பொன்னியின் செல்வனுக்கே.

சோழ மன்னன் இராசேந்திரனின் படை 1025இல் கடாரத்துக்கு, அதாவது இன்றைய கெடாவுக்கு, வந்ததை நினைத்துச் சோழர் கதையை எங்கள் ஊரார் சொந்தக் கதையாகக் கொண்டாடுகிறார்கள். நாங்களோ அந்தப் படையின் வழிவந்தவர்கள் அல்லர். தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள். ஆகவே இளவரசர்களைவிட, வந்தியத்தேவனை இலங்கைக்கு ஏற்றிச்செல்லும் ஓடக்காரி பூங்குழலியே எனக்கு நெருக்கமானவள். இரண்டாம் பாகத்தில் அவளுக்கு அவ்வளவு குறைவான இடம் கொடுத்ததை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.