கோர்சேர் ஆப்சிடியன் 1000டி: ஒரே கேபினெட்டில் இரண்டு கணினிகளும் அவற்றின் நீர்க்குளிர்ச்சியும்

2018-இல் 499.99 டாலர் விலையில் அறிமுகமான ஆப்சிடியன் 1000டி, ஒரு இ-ஏடிஎக்ஸ் (பெரிய அளவு) மதர்போர்டையும் ஒரு மினி-ஐடிஎக்ஸ் (மிகச் சிறிய அளவு) மதர்போர்டையும் ஒருசேர ஏற்கும் கேபினெட். காலியாக இருக்கும்போதே அதன் எடை 29.5 கிலோ. முன்புறத்தில் 480 மில்லிமீட்டர் ரேடியேட்டர்கள் (நீரின் வெப்பத்தைக் காற்றுக்குக் கடத்துபவை) இரண்டு, மேலே 420, பின்னால் 240 என நான்கு ரேடியேட்டர்களை ஒரே நேரத்தில் பொருத்தலாம். அவற்றைத் தாங்கும் தட்டுகளை வெளியே இழுத்து வேலை செய்ய முடிவது பெரிய வசதி.

இரண்டு கணினிகளையும் ஒரே நீர்ச்சுற்றில் இணைத்தால் ஒரு பம்பின் செலவு மிச்சமாகும் என்று தோன்றும். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடும் நீர், ஏறக்குறைய 280 வாட் வெப்பத்தை வாங்கினாலும் 1 டிகிரிதான் சூடேறும் என்பதால், எந்தப் பாகம் முதலில் வருகிறது என்பது பெரிய சிக்கலே அல்ல. சிக்கல் மின்சாரத்தில் இருக்கிறது: பம்ப் முதல் கணினியின் பவர் சப்ளையிலிருந்து இயங்கினால், அந்தக் கணினியை அணைத்துவிட்டு இரண்டாவதை மட்டும் ஓட்டும்போது நீர் அசையாமல் நிற்கும். ஒன்றைப் பழுதுபார்க்க இரண்டின் நீரையும் வடிக்க வேண்டிய தொல்லையும் உண்டு. ஆகவே முன்புற ரேடியேட்டர்களில் ஒன்றையும் மேலே உள்ளதையும் பெரிய கணினிக்கும், எஞ்சிய 480-ஐ சிறியதற்கும் ஒதுக்கி, தனித்தனிச் சுற்றுகளாக அமைப்பதையே பரிந்துரைப்பேன். முன்புற ரேடியேட்டர்களைக் கடந்து சூடான காற்றுதான் மேலே உள்ளதற்குப் போய்ச் சேரும் என்பதால், அதிலிருந்து முழுப் பயனை எதிர்பார்க்கக் கூடாது.

இந்தக் கேபினெட்டின் உண்மையான குறை வேறொன்று. விசிறிகளைக் கட்டுப்படுத்த உள்ளேயே பொருத்தித் தரப்படும் கமாண்டர் ப்ரோ, ஒரு பவர் சப்ளையிலிருந்து மின்சாரமும் ஒரு மதர்போர்டிலிருந்து யுஎஸ்பி இணைப்பும் பெறுகிறது. எல்லா விசிறிகளையும் அதில் கோர்த்துவிட்டால், நீர்ச்சுற்றுகளைப் பிரித்தும் பயனில்லை. முதல் கணினி அணைந்ததும் இரண்டாவதன் ரேடியேட்டர் விசிறிகளும் நின்றுவிடும். இரண்டு கணினிகளுக்கென்றே விற்கப்படும் பெட்டியில் ஒரே கட்டுப்பாட்டுக் கருவியைத் தந்தது எனக்கு விளங்கவில்லை. இரண்டாவது கணினியின் விசிறிகளை அதன் சொந்தப் பவர் சப்ளையில் இயங்கும் ஒரு ஹப்புடன் (பல விசிறிகளை ஒன்றாக இணைக்கும் கருவி) இணைத்து, வேகக் கட்டுப்பாட்டை அதன் மதர்போர்டிடமே விடுவது பாதுகாப்பான வழி.

விளையாட்டை ஒரு கணினியில் ஓட்டி, நேரலையை மற்றொன்றில் குறியாக்கம் செய்வோரே இத்தகைய பெட்டியை அதிகம் நாடினர். ஆனால் அதே 2018-இன் பிற்பகுதியில் வந்த என்விடியாவின் ட்யூரிங் கிராஃபிக்ஸ் கார்டுகளில் வீடியோ குறியாக்கி வெகுவாக மேம்பட்டதால், நேரலைக்கென இரண்டாவது கணினி என்ற தேவை பலருக்கு அற்றுப்போனது. இன்று இதை வாங்க நியாயமான காரணம், கனமான பணிகளுக்கான கணினியோடு எப்போதும் இயங்கும் வீட்டுச் சர்வரையும் ஒரே இடத்தில் வைப்பதுதான்; அந்தச் சர்வருக்கு நீர்க்குளிர்ச்சி தேவையா என்பது என் ஐயம், நல்ல காற்றுக் குளிர்விப்பானே போதும்.

இரண்டையும் நீரில்தான் குளிர்விப்பது என்று முடிவெடுத்தவர்கள், ஒவ்வொரு சுற்றின் தாழ்வான இடத்திலும் ஒரு வடிகால் வால்வைத் தொடக்கத்திலேயே பொருத்திவிட வேண்டும். பாகங்களும் நீரும் சேர்ந்த பின் இந்தப் பெட்டியைச் சாய்த்து நீரை வடிப்பது ஒருவரால் ஆகும் காரியமல்ல.