24 போர்ட் டெலிபோன் கேட்வே: ஐந்து வருடம் ஓட்டியதில் தெரிந்த சூட்டு விவகாரம்

எங்கள் சர்க்கரை ஆலையில் பழைய இன்டர்காம் எக்ஸ்சேஞ்சைக் கழற்றிவிட்டு 24 போர்ட் கேட்வே (சாதாரண போன்களை நெட்வொர்க்கோடு இணைக்கும் பெட்டி, 24 போன் லைன் வரை) வைத்து ஐந்து வருடம் ஆகிறது. பேச்சுத் தெளிவு, மணி அடிப்பது எதிலும் குறையில்லை. படுத்தியதெல்லாம் சூடுதான்.

முதல் கோடையிலேயே ஆரம்பித்துவிட்டது. மதியம் மூன்று மணிக்கு மேல் பாய்லர் கண்ட்ரோல் ரூம் போன் பேசிக்கொண்டிருக்கும்போதே செத்துப்போகும், பத்து நிமிடம் கழித்துத் தானாக டயல் டோன் வரும். லேப், டைம் ஆபீஸ் இரண்டிலும் இதே கதை. ஆனால் 2 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குவார்ட்டர்ஸ் போன் ஒரு நாளும் நின்றதில்லை. தூரத்து லைன்தானே முதலில் மக்கர் செய்யும் என்று நினைத்துப் பழகிய ஆள் நான், ஒன்றும் புரியாமல் கிட்டே இருக்கிற கேபிளையே இரண்டு நாள் கிண்டிக்கொண்டிருந்தேன்.

விஷயம் தலைகீழ். ரிசீவரை எடுத்ததும் லைனுக்குக் கரண்ட் கொடுப்பது கேட்வேக்குள் இருக்கும் ஸ்லிக் சிப். தூரம் எவ்வளவானாலும் ஒரே அளவு கரண்ட்தான். எங்கள் பெட்டி 48 வோல்ட், வரும்போதே 32 மில்லி ஆம்பியர் என்று செட் செய்திருந்தார்கள். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் கிட்டத்து லைனில் போனுக்குப் போவது 7 வோல்ட்தான். மீதி 41 வோல்ட்டும் சிப்பின் தலையில், அதாவது ஒரு லைனுக்கு 1.3 வாட். பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் பெட்டிக்குள் 16 வாட் சூடு. குவார்ட்டர்ஸ் லைனிலோ 0.4 மி.மீ. கம்பி, போக வர 570 ஓம், அதுவே 18 வோல்ட்டை வாங்கிக்கொள்கிறது. சிப்புக்கு மிஞ்சுவது 0.7 வாட். சூடு எல்லை மீறினால் சிப் தானாகப் படுத்துவிடும், ஆறியதும் எழுந்துகொள்ளும்.

டைம் ஆபீஸ் ஆட்கள் வேறு ரிசீவரைச் சரியாக வைக்காமல் ரிஜிஸ்டர் மேல் சாய்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ராத்திரி முழுக்க யாருமே பேசாமல் 1.3 வாட்!

நான் செய்த கோமாளித்தனங்களையும் சொல்லிவிடுகிறேன். சிப்பின் முதுகில் ஹீட் சிங்க் ஒட்டினேன், பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் அந்த வகைச் சிப்பில் சூடு முக்கியமாக அடிப்பக்கம் வழியாக போர்டின் செம்புக்குத்தான் இறங்குகிறது. அப்புறம் லைனில் 600 ஓம் ரெசிஸ்டர் போட்டேன். சூடு குறைந்தது, கூடவே குரலும் குறைந்து எதிரொலியும் வந்தது. கழற்றிவிட்டேன். ஃபேன் வைத்தேன், கரும்புச் சக்கைத் தூசி மூன்றே மாதத்தில் அதை அடைத்துவிட்டது.

உருப்படியாக வேலை செய்தது செட்டிங்கில் லூப் கரண்ட்டை, அதாவது லைனுக்குக் கொடுக்கும் அந்தக் கரண்ட்டை, 20 மில்லி ஆம்பியருக்கு இறக்கியதுதான். கிட்ட இருக்கிற லைனிலேயே சூடு 0.9 வாட்டுக்கும் கீழே வந்துவிட்டது, பேச்சில் வித்தியாசமே தெரியவில்லை. கூடவே, பக்கத்துப் பக்கத்து போர்ட்களில் கிட்டத்து லைன்களாகவே குவிந்திருந்ததைக் கலைத்து, ஒரு கிட்டத்து லைன், ஒரு தூரத்து லைன் என்று மாற்றி மாற்றிக் குத்தினேன். ராக்கில் மேலும் கீழும் ஒரு தட்டு காலி விட்டேன். அதற்குப் பிறகு ஒரு கோடையிலும் லைன் நின்றதில்லை. நாலாவது வருடம் பவர் சப்ளையில் இரண்டு கெப்பாசிட்டர் உப்பிப்போயின, அவை ஆரம்பகாலச் சூட்டில் வெந்தவை என்பது என் கணிப்பு. 105 டிகிரி ரகம் வாங்கி மாற்றினேன்.

போன வருடம் வாங்கிய புதுப் பெட்டி வேறு சாதி. ரிசீவரை எடுத்ததும் லைனுக்கு எவ்வளவு வேண்டுமோ அதற்குச் சில வோல்ட் மேலே மட்டும் வைத்துக்கொண்டு சப்ளையையே இறக்கிவிடுகிறது, மே மாதத்தில் தொட்டாலும் வெதுவெதுப்புதான். வாங்குகிறவர்கள் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: சப்ளை வோல்ட்டேஜை ஏற்றி இறக்கும் கன்வெர்ட்டர் ஒவ்வொரு லைனுக்கும் தனியா, இல்லை இரண்டு லைனுக்குச் சேர்த்து ஒன்றா? சேர்த்து ஒன்று என்றால், தூரத்து லைனுக்காக ஏற்றும் வோல்ட்டேஜைக் கிட்டத்து லைனும் சுமக்க வேண்டிவரும்.

பழைய பெட்டியைத் தூக்கிப் போடவில்லை. குவார்ட்டர்ஸ், கரும்பு எடைமேடை, மெயின் கேட் என்று தூரத்து லைன்களை மட்டும் அதில் விட்டிருக்கிறேன்.