எந்தப் படத்தின் ஒளிவாள்? செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் செய்து வாங்கிய இரண்டு கைப்பிடிகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகள் நெருக்கியடித்து நிற்கும் சந்து ஒன்றில், பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு லேத் பட்டறை, ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களில் லூக் ஸ்கைவாக்கர் ஏந்தும் ஒளிவாளின் கைப்பிடியைப் பித்தளையில் கடைந்து கொடுக்கிறது. தகப்பனார் வெள்ளி வேலையிலேயே தலை நரைத்தவர். மகன் பொறியியல் படித்துவிட்டு, கொலுசு ஆர்டர் குறைகிற மாதங்களில் இந்த வேலையை எடுத்துச் செய்கிறார். 1977-ஆம் ஆண்டு வந்த முதல் படத்தின் கைப்பிடி ஒன்றையும், 1980-இல் வந்த ‘தி எம்பயர் ஸ்டிரைக்ஸ் பேக்’ படத்தின் கைப்பிடி ஒன்றையும் அவர்களிடம் சொல்லிச் செய்து வாங்கினேன்.

விலையைச் சொல்வதற்கு முன்பே அந்த இளைஞர் கேட்ட கேள்விதான் இந்தப் பட்டறையின்மேல் எனக்கு மதிப்பை உண்டாக்கியது: “எழுபத்தேழா, எண்பதாங்க? இடுப்புல தொங்கறதா, சண்டையில பிடிக்கறதா?” இணையத்தில் பொருள் விற்கும் பலர் இதைக் கேட்பதே இல்லை. முன்பு ஒரு விற்பனையாளரிடம் வாங்கிய கைப்பிடியில் முதல் படத்தின் ஓர் உறுப்பும் இரண்டாம் படத்தின் ஓர் உறுப்பும் ஒன்றாகப் பொருத்தப்பட்டிருந்தன; அப்படியொரு வாள் எந்தப் படத்திலும் வந்ததில்லை. திரையில் ஒன்றாகத் தெரியும் ஆயுதம் படப்பிடிப்புத் தளத்தில் பலவாக இருக்கும் என்பதை அறியாதவர்கள், அல்லது அறிந்தும் பொருட்படுத்தாதவர்கள், செய்கிற வேலை அது.

லூக்கின் வாள் புதிதாக வார்த்தெடுத்த பொருளன்று. அரங்கப் பொருட்களுக்குப் பொறுப்பாக இருந்த ரோஜர் கிறிஸ்டியன், பழைய அமெரிக்கப் பத்திரிகைக் கேமராக்களோடு வந்த கிராஃப்ளெக்ஸ் ஃபிளாஷின் மூன்று பேட்டரிக் குழாயை எடுத்து, அதன் அடிப்பகுதியைச் சுற்றிக் கறுப்புப் பட்டிகளை ஒட்டி, இடுப்பில் மாட்ட ஒரு வளையத்தைச் சேர்த்து, அதை வாளாக்கினார். அதே கறுப்புப் பட்டியைத்தான் வெள்ளைக் கவசம் அணிந்த புயல்வீரர்களின் (ஸ்டார்ம்ட்ரூப்பர்) துப்பாக்கிக் குழல்களிலும் காணலாம். அந்தப் படத்தின் கலை அமைப்புக்குக் கிடைத்த ஆஸ்கர் விருதில் அவருக்கும் பங்கு உண்டு. வில்லன் டார்த் வேடரின் வாளோ எம்.பி.பி. என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் மைக்ரோஃபிளாஷ் என்ற கேமரா ஃபிளாஷிலிருந்து பிறந்தது. இரண்டும் தூரத்திலிருந்து ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒளி கிளம்பும் வாய்ப்பகுதியின் வெட்டைப் பார்த்தால் உடனே பிரித்துச் சொல்லிவிடலாம்.

வகைகளைப் பிரித்தறியும் இடம் குழாயின் நடுவிலுள்ள கவ்வி. ஃபிளாஷைக் கேமராவோடு பிணைப்பதற்காக இருந்த அந்தக் கவ்வியின் இடைவெளியில், 1977-ஆம் ஆண்டுக் கைப்பிடியில், எழுபதுகளின் மின்னணுக் கணிப்பான்களில் (கால்குலேட்டர்) சிவப்பு எண்களைப் பெரிதாக்கிக் காட்டுவதற்காக வைத்திருந்த குமிழ் லென்ஸ் பட்டை செருகப்பட்டிருக்கிறது. 1980-ஆம் ஆண்டுக் கைப்பிடியில் அதே இடத்தில் மின்சுற்றுப் பலகையின் ஓரத்துண்டு, அதன் பொன்னிறக் கம்பிக் கோடுகள் தெரியும்படி அமர்ந்திருக்கிறது. வளையத்தைத் தாங்கும் பிடியும் மாறுகிறது; இரண்டாம் படத்தில் அது கோபோல்டு என்ற வேறொரு ஃபிளாஷ் கருவியிலிருந்து வந்தது. இவற்றோடு சண்டைக் காட்சிக்கான கைப்பிடிகள் தனி: முதல் படத்தில் வாளின் ஒளிப்பகுதிக்காக, ஒளியைத் திருப்பி அனுப்பும் தாள் சுற்றிய தண்டைச் சுழற்ற உள்ளே மோட்டார் வைத்தார்கள், ஆகவே வாய்ப்பகுதியில் தண்டைப் பிடிக்கும் அமைப்பு வேண்டியிருந்தது, இடுப்பில் தொங்கும் கைப்பிடிக்கு அது தேவைப்படவில்லை.

பட்டறை இந்த வேறுபாடுகளை எப்படிக் கையாண்டிருக்கிறது என்று பார்ப்போம். குழாயின் அளவில் குறை சொல்ல இடமில்லை. பழைய ஸ்டுடியோ ஒன்றிலிருந்து கைமாறி வந்த அசல் கிராஃப்ளெக்ஸ் ஒன்றை வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து, நேரடியாகக் கடைகிறார்கள். நகலிலிருந்து அச்செடுத்து, அந்த நகலிலிருந்து இன்னொன்று வார்த்தால் ஒவ்வொரு தலைமுறையிலும் வார்க்கும் பிசின் (ரெசின்) சிறிது சுருங்கும். ஏலங்களில் போலிகளைக் கண்டுபிடிக்க இந்தச் சுருக்கமும் ஒரு தடயம். கடைந்தெடுத்த பித்தளையில் அந்தச் சிக்கல் எழுவதில்லை. வாயருகே இருக்கும் இரண்டு ‘முயல் காது’ முளைகளும், சிவப்புப் பொத்தானும், அதனருகேயுள்ள கண்ணாடிக் குமிழும் தத்தம் இடத்தில் சரியாக நிற்கின்றன. முலாம் பூசுவதில் தகப்பனாரின் கைப்பழக்கம் தெரிகிறது. கை அதிகம் படும் ஓரங்களில் அவர் முலாமை இலேசாகத் தேய்த்து, அடியிலுள்ள பித்தளையின் மஞ்சள் எட்டிப்பார்க்கும்படி விட்டிருக்கிறார். சாணை பிடித்த கீறலாகத் தெரியாமல், பல காலம் புழங்கிய பொருளின் தேய்மானமாகவே அது தெரிகிறது.

1977-ஆம் ஆண்டுக் கைப்பிடியின் குமிழ்ப் பட்டை மட்டும் எனக்குத் திருப்தி தரவில்லை. பிசினில் வார்த்திருக்கிறார்கள், குமிழ்களின் விளிம்பு மழுங்கி, ஒன்றோடொன்று சேர்ந்தாற்போல இருக்கிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அசல் லென்ஸில் ஒவ்வொரு குமிழும் தனித்தனிப் புள்ளியாக ஒளிர வேண்டும்; இதிலோ ஒரே கோடாக மங்கலாகப் படர்கிறது. அசல் பட்டை கிடைப்பது அரிது என்பது உண்மை. ஆனாலும் இந்தக் கைப்பிடியின் அடையாளமே அந்தப் பட்டைதான் என்பதால் இதைச் சிறு குறை என்று ஒதுக்க முடியவில்லை.

அடுத்தது அடிமூடியில் இருக்கும் நிறுவன முத்திரை. முதலில் அதை லேசரில் எழுதிக் கொடுத்தார்கள். லேசர் எழுத்தின் ஓரம் கருகி, உள்தளம் சொரசொரப்பாக இருக்கும். அசலில் அது அச்சால் அறைந்த எழுத்து, ஆகவே உலோகம் பக்கவாட்டில் நகர்ந்து எழுத்தைச் சுற்றி மெல்லிய கரை எழும்பியிருக்கும், விரல் நுனியால் தடவினாலே வேறுபாடு புரியும். இதைச் சொன்னவுடன் பெரியவர் மூடியைத் திருப்பிப் பார்த்தார். “இதுக்கு எதுக்கு தம்பி லேசரு? அச்சு வெட்டிக் குடுத்துர்றேன்” என்றார். கொலுசில் முத்திரை குத்துகிற அதே முறையில் எஃகில் அச்சு வெட்டி, இரண்டு மூடிகளையும் மாற்றித் தந்தார். கூடுதலாகப் பணம் கேட்கவில்லை. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவைக் கடக்கும்போதெல்லாம், அந்த ஸ்டுடியோவுக்கு வாளும் கேடயமும் செய்து கொடுத்த கைகள் யாருடையவையாக இருந்திருக்கும் என்ற எண்ணம் எனக்கு வருவதுண்டு; இந்தப் பெரியவரின் வேலையைப் பார்த்தபோது அந்த எண்ணம் இன்னும் வலுத்தது.

லூக்கின் குருவான ஓபி-வானின் வாளைச் செய்து தர முடியுமா என்று கேட்டபோது மறுத்துவிட்டார்கள். டெர்வென்ட் ஜெட் எஞ்சினின் குழாய், முதல் உலகப்போர்க் காலத்து ரைஃபிள் கையெறிகுண்டின் உடல், பிரவுனிங் இயந்திரத் துப்பாக்கியின் முனைப்பகுதி, குளியலறைக் குழாயின் திருகு, கிராஃப்ளெக்ஸ் கவ்வி என்று ஒவ்வொன்றும் ஒவ்வோரிடத்திலிருந்து வந்த வாள் அது. அளந்து பார்க்க அசல் உறுப்புகள் கையில் இல்லாமல், படத்தை மட்டும் பார்த்துச் செய்தால் தவறிவிடும் என்றார் மகன். 2008-இல் லூக்கின் கைப்பிடி ஒன்று 2,40,000 டாலருக்கு ஏலம் போன பிறகு, கண்டதையெல்லாம் அசலின் நகல் என்று விற்கும் சந்தையில், இப்படி மறுக்கத் தெரிந்தவர்களை நம்பலாம்.

கைப்பிடி ஒன்றுக்கு 9,500 ரூபாய் வாங்குகிறார்கள். பாதியை முன்பணமாகக் கேட்கிறார்கள். தீபாவளியை ஒட்டியும் முகூர்த்த மாதங்களிலும் கொலுசு வேலைக்கே முதலிடம் என்பதால், அப்போது கொடுத்த ஆர்டர் தள்ளிப்போகும். ஆர்டர் கொடுப்பவர்கள் எந்தப் படம், எந்தக் காட்சி என்பதை எழுதியே கொடுத்துவிடுங்கள். முத்திரை அச்சில் குத்தியதாக இருக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். குமிழ்ப் பட்டை சீர்ப்படும்வரை 1980-ஆம் ஆண்டுக் கைப்பிடியையே நான் பரிந்துரைப்பேன். அதில் மின்சுற்றுப் பலகைத் துண்டு அசலான பழைய பலகையிலிருந்து வெட்டியது, கோடுகளின் இடைவெளிகூடப் பிசகவில்லை.