மேலே ஐஸ், கீழே பொங்கும் மாவு: எங்கள் வீட்டு ஃபிரிட்ஜோடு 13 வருடம்

ஃபிரிட்ஜில் ஏதோ கோளாறு என்று எங்களுக்கு முதலில் சொன்னது இட்லி மாவுதான். 2024 மே மாதம், அக்னி நட்சத்திரம் தொடங்கி ஒரு வாரம் இருக்கும். காலையில் புளித்த பதத்தில் உள்ளே வைத்த மாவு, மறுநாள் தூக்குச்சட்டியின் மூடியைத் தள்ளிக்கொண்டு கண்ணாடித் தட்டில் வழிந்து கிடந்தது. பால் திரியவில்லை, காய்கறி வாடவில்லை. மேலே ஃப்ரீசரைத் திறந்தால் ஐஸ் கட்டிகள் கல்லு மாதிரி இருந்தன. அதனால் இரண்டு நாள் அலட்சியமாக விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் மாமனாரின் இன்சுலின் டப்பாவைத் தொட்டபோது சில்லென்றே இல்லை. அப்போதுதான் பயம் வந்தது.

சென்னை வேளச்சேரியில் முதல் மாடி வீடு எங்களுடையது. 2012 மே மாதம் தி.நகரில் வாங்கிய 260 லிட்டர் டபுள் டோர் ஃபிரிட்ஜ், ஐஸ் பிடிக்காத வகை. இந்த 13 வருடத்தில் அது மூன்று முறை மக்கர் செய்திருக்கிறது. முதல் இரண்டும் சின்ன விஷயங்கள். மூன்றாவதுதான் என் பணத்தையும் தூக்கத்தையும் கொண்டுபோனது. அதை விரிவாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஃபிரிட்ஜுக்குச் செய்த அதே தவறான வைத்தியம் எங்கள் தெருவிலேயே இன்னும் இரண்டு வீடுகளில் நடந்திருக்கிறது.

முதல் ஆறு வருடம் ஒரு குறையும் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கீழ் வீட்டுக்காரர்களின் ஃபிரிட்ஜ் தண்ணீரில் மிதந்தது. எங்களுக்குக் கரண்ட் இல்லாமல் உள்ளே இருந்ததெல்லாம் கெட்டதோடு சரி. 2018இல் ஒரு நாள் விளக்கு எரிகிறது, ஆனால் குளிர் இல்லை. பின்னால் காது வைத்தால் சில நிமிடங்களுக்கு ஒரு முறை 'டக்' என்று சத்தம். கம்ப்ரஸர் கிளம்பப் பார்த்து, முடியாமல், ஓவர்லோடு பாதுகாப்பு அதை நிறுத்துகிற சத்தம் அது. கம்ப்ரஸரின் பக்கவாட்டில் செருகியிருக்கும் ஸ்டார்ட்டிங் ரிலேவைக் கழற்றி ஆட்டினால் உள்ளே கிலுகிலுப்பை போலச் சத்தம் கேட்டது. உள்ளே இருக்கும் வில்லை உடைந்திருந்தது. 250 ரூபாயில் முடிந்தது. அன்றே ஸ்டெபிலைசரும் வாங்கினோம். 2021இல் கதவு ரப்பர் தளர்ந்தது. பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். நோட்டை ரப்பர் லேசாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்; தானாக வழுக்கி வந்தால் அந்த இடத்தில் குளிர் வெளியே போகிறது என்று அர்த்தம். வெந்நீரில் நனைத்த துணியால் ரப்பரைச் சூடாக்கி நீவிவிட்டு ஒரு வருடம் ஓட்டினேன், அப்புறம் மாற்றினேன்.

சரி, மே மாத விஷயத்துக்கு வருகிறேன்.

கையால் தொட்டுப் பார்த்துச் சொல்வது நம்பிக்கையில்லை என்று ரிச்சி தெருவில் ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வந்தேன். அதன் நுனியை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு நடுத்தட்டில் ராத்திரி முழுக்க வைத்தேன். வெறும் காற்றை அளந்தால் கதவு திறக்கும்போதெல்லாம் எண் ஏறி இறங்கும். தண்ணீர் அப்படி ஏமாற்றாது. காலையில் 14 டிகிரி. அங்கே 4, 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. ஃப்ரீசரில் மைனஸ் 15. அங்கே மைனஸ் 18 இருக்க வேண்டும். குளிர் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

இந்த இரண்டு எண்களிலேயே பதில் இருந்தது. அது எனக்கு அப்போது தெரியவில்லை.

முதலில் வந்த மெக்கானிக் கீழ்க்கதவைத் திறந்து கையை நீட்டிப் பார்த்தார். "கேஸ் போயிடுச்சு மேடம், சார்ஜ் பண்ணணும்" என்றார். ஃப்ரீசரை அவர் திறக்கவே இல்லை. சிலிண்டர் எடுத்துவரச் சாயந்திரம் ஆகும், அதுவரை பிளக்கைப் பிடுங்கிவிட்டு இரண்டு கதவையும் திறந்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சாயந்திரம் வந்து கேஸ் ஏற்றினார். 3,200 ரூபாய். மறுநாள் காலை 4 டிகிரி. மாவு அடங்கிக் கிடந்தது. நிம்மதியாகத் தூங்கினேன்.

பதினோராவது நாள் மாவு மறுபடி பொங்கியது. தெர்மாமீட்டரில் 12. அதே மெக்கானிக்கைக் கூப்பிட்டால், கம்ப்ரஸர் வீக் ஆகிவிட்டது, மாற்ற 7,500 ஆகும் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அந்த இடைப்பட்ட நாட்களில் இன்சுலினைக் கீழ் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தோம். திறக்காத இன்சுலினை 2லிருந்து 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், ஆனால் உறையவும் விடக் கூடாது. அதனால் ஃப்ரீசரில் தூக்கி வைப்பதும் வழியில்லை. கைவசம் போட்டுக்கொண்டிருந்ததை மட்டும் ஈர மணல் போட்ட இரண்டு மண்பானைகளுக்கு நடுவே வைத்துச் சமாளித்தோம். மாமனாரின் யோசனை அது.

கீழ் வீட்டு அக்காதான் தண்டீஸ்வரம் பக்கமிருந்து ஒரு பெரியவரை அனுப்பினார். அவர் வந்ததும் கீழ்க்கதவைத் தொடவில்லை. நேராக ஃப்ரீசரைத் திறந்தார், ஐஸ் தட்டைத் தட்டிப் பார்த்தார். "கேஸ் போயிருந்தா மேல ஐஸே பிடிக்காதும்மா. இங்க கல்லாட்டம் இருக்குல்ல? குளிர் உருவாவுது. கீழ வர வழி அடைச்சிருக்கு, அவ்ளோதான்" என்றார்.

ஃப்ரீசருக்குள் பின்பக்கம் இருக்கும் பிளாஸ்டிக் பலகையைக் கழற்றிக் காட்டினார். குளிர் உருவாகும் சுருள் அங்கே கண்ணுக்கே தெரியவில்லை. வெள்ளைச் சுவர் மாதிரி ஐஸ், மேலிருந்து கீழ் வரை ஒரே பாளம்.

ஐஸ் பிடிக்காத ஃபிரிட்ஜ் என்று சொல்கிறோமே தவிர, அதிலும் ஐஸ் பிடிக்கத்தான் செய்யும். நம் கண்ணில் படாத அந்தச் சுருளில் பிடிக்கும். ஒரு சின்ன ஃபேன் அந்தச் சுருளின் ஊடாகக் காற்றை இழுத்து, பெரும்பகுதியை ஃப்ரீசருக்கும் மீதியைப் பின்சுவரில் இருக்கும் குழாய் வழியாகக் கீழேயும் தள்ளும். கீழ்ப் பகுதிக்கென்று தனியாகக் குளிர் செய்யும் ஏற்பாடு என் ஃபிரிட்ஜில் கிடையாது. மேலிருந்து வரும் காற்றுதான் எல்லாம். சென்னைக் காற்றின் ஈரமெல்லாம் கதவு திறக்கும்போது உள்ளே போய் அந்தச் சுருளில் பூவாகப் படியும். அதைக் கரைக்க, சில மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு டைமர் கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு, சுருளுக்குக் கீழே இருக்கும் ஹீட்டரைப் போடும். கரைந்த தண்ணீர் ஒரு துளை வழியாகப் பின்னால், கம்ப்ரஸருக்கு மேலே உள்ள தட்டில் விழுந்து அந்தச் சூட்டிலேயே ஆவியாகிவிடும். இந்த வரிசையில் ஒன்று நின்றாலும் ஐஸ் கரையாது; நாளுக்கு நாள் ஏறி ஃபேனின் வழியை அடைத்துவிடும். மேலே குளிரும், கீழே குளிராது.

இப்போது அந்தப் பதினோரு நாள் கணக்கு எனக்குப் புரிந்தது. ஃபிரிட்ஜைச் சரி செய்தது கேஸ் இல்லை. கதவைத் திறந்துபோட்டு நாள் முழுக்க அணைத்து வைத்ததில் அந்த ஐஸ் தானாகக் கரைந்திருக்கிறது. திரும்ப ஐஸ் சேர்ந்து வழியை அடைக்கப் பதினோரு நாள் ஆனது. பிளக்கைப் பிடுங்கி ஒரு இரவு விட்டிருந்தால் அதே பலன் எனக்கு இலவசமாகக் கிடைத்திருக்கும். அந்த 3,200 ரூபாய் இன்றும் உறுத்துகிறது. அந்த மெக்கானிக் வேண்டுமென்றே ஏமாற்றினாரா, அவருக்கே தெரியாதா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் ஃப்ரீசரைத் திறந்து பார்க்காமல் கேஸ் என்று சொன்னது தவறு. கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. எங்காவது கசிந்தால் ஒழியக் குறையாது.

பெரியவர் ஐஸைக் குத்தவில்லை. கத்தியோ ஸ்க்ரூடிரைவரோ அந்தப் பக்கம் போகக் கூடாது என்றார். சுருள் மெல்லிய அலுமினியம், ஒரு குத்தில் ஓட்டை விழுந்தால் அப்போது நிஜமாகவே கேஸ் போய்விடும். ஒரு டேபிள் ஃபேனை முன்னால் வைத்து, வெந்நீர்ப் பாத்திரத்தை உள்ளே வைத்து, துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தோம். முக்கால் மணி நேரம் ஆனது. அப்புறம் மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தார். ஹீட்டர் ஏறக்குறைய 350 ஓம் காட்டியது. 230 வோல்ட்டில் 150 வாட் ஹீட்டருக்கு அதுதான் சரியான கணக்கு, ஆகவே ஹீட்டர் நல்ல நிலையில் இருந்தது. அடுத்து, சூடு எல்லை மீறினால் எரிந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மல் ஃப்யூஸ். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டிய மீட்டர் அசையவே இல்லை. எரிந்துபோயிருந்தது. அதோடு சேர்ந்து இருக்கும் பைமெட்டல் சுவிட்ச் உப்பிப் போயிருந்தது. குளிரில் இணைந்து, சூடானதும் பிரிய வேண்டிய சுவிட்ச் அது. பிரியாமல் நின்றதால் ஹீட்டர் அளவுக்கு மேல் சூடாகி, ஃப்யூஸ் தன்னைப் பலி கொடுத்திருக்கிறது. அதனால் ஃப்யூஸை மட்டும் மாற்றினால் மறுபடி போகும், இரண்டையும் சேர்த்து மாற்றணும் என்றார்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சிலர் இந்த ஃப்யூஸை வெட்டிவிட்டு வயரை நேராக முறுக்கிவிடுகிறார்கள். ஃபிரிட்ஜ் ஓடும்தான். ஆனால் சுவிட்ச் மறுபடி மாட்டிக்கொண்டால் ஹீட்டர் அளவுக்கு மேல் சூடாவதைத் தடுக்க ஒன்றுமே இருக்காது. சுற்றிலும் பிளாஸ்டிக்கும் தெர்மாகோல் மாதிரியான நுரையும். 'டைரக்ட் பண்ணிடலாம்' என்று யாராவது சொன்னால் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள். இன்னொன்று, இப்போது வரும் பல ஃபிரிட்ஜ்களில் ஆர்600ஏ என்ற கேஸ் இருக்கிறது. அது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கக் கூடியது. என்ன கேஸ் என்று பின்னால் இருக்கும் லேபிளிலேயே போட்டிருக்கும். அப்படியிருந்தால் குழாய் வேலையைக் கண்டவரிடமும் கொடுக்கக் கூடாது.

புது பாகங்களைப் பொருத்தி, சுருள் நன்றாகக் குளிரும்வரை ஓடவிட்ட பிறகு, டைமரின் திருகை 'டக்' என்று கேட்கும்வரை மெதுவாகத் திருப்பினார். கம்ப்ரஸர் நின்றது. கொஞ்ச நேரத்தில் உள்ளே 'சொய்' என்று சத்தம். சுருளில் மிச்சமிருந்த ஈரம் ஹீட்டரில் விழுகிறது. தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது. வடிகால் துளையில் ஒரு டம்ளர் வெந்நீர் ஊற்றி, பின்தட்டில் சொட்டும் சத்தம் கேட்கும்வரை காத்திருந்தார். பாகங்கள் 350, கூலி 700. மொத்தம் 1,050 ரூபாய். உங்கள் பெயரைச் சொல்லி நாலு பேரிடம் அனுப்புகிறேன் என்றேன். "முதல்ல அந்த மாவுச் சட்டிய நகத்துங்கம்மா" என்றார். நடுத்தட்டில் குளிர்காற்று வரும் துளைக்கு முன்னாலேயே பெரிய தூக்குச்சட்டியை வைத்து வந்திருக்கிறேன், வருடக்கணக்காக.

அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவை எனக்குப் பெரிய உதவியாக இருக்கின்றன. மேலேயும் குளிராது, கீழேயும் குளிராது, கம்ப்ரஸர் மட்டும் கொதிக்கக் கொதிக்க ஓடிக்கொண்டே இருக்கிறது, சுருளின் ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் பனி என்றால் அப்போதுதான் கேஸ் கசிவையோ குழாய் அடைப்பையோ சந்தேகப்பட வேண்டும். அப்போதும் வெறுமனே ஏற்றினால் போதாது. கசிவு எங்கே என்று கண்டுபிடித்து அடைத்து, ஃபில்டரை மாற்றி, உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வாக்குவம் பம்ப் வைத்து உறிஞ்சிய பிறகே ஏற்ற வேண்டும். ஃப்ரீசர் கதவின் சுவிட்சை விரலால் அழுத்தினால் ஃபேன் சுற்றும் சத்தம் கேட்க வேண்டும். சுருளில் ஐஸ் அடைப்பும் இல்லை, சத்தமும் இல்லை என்றால் கோளாறு ஃபேன் மோட்டாரில். 'கர கர' என்று கேட்டால் ஃபேன் இறக்கையில் ஐஸ் தட்டுகிறது, சீக்கிரம் கவனியுங்கள். கீழே குளிரவில்லை என்று மேலே இருக்கும் திருகை அதிகபட்சத்தில் வைத்ததும் என் தவறு. என் ஃபிரிட்ஜில் அது காற்றைப் பங்கிடும் திருகு. கூட்டினால் கீழே வருவது இன்னும் குறையும்.

கரண்ட் பில்லும் ஒரு சாட்சி. அந்த மே, ஜூன் பில்லில் நாங்கள் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டோம். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு 500ஐத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். ஏசி காரணம் என்று நினைத்தோம். பாதிக் காரணம், ராத்திரி பகல் நிற்காமல் ஓடிய இந்தக் கம்ப்ரஸர் என்று இப்போது நம்புகிறேன், ஏனென்றால் அடுத்த வருடம் அதே ஏசி, அதே வெயில், பில் 500க்குள் வந்தது.

ரிப்பேர் முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. நடுத்தட்டுத் தண்ணீர் 3க்கும் 5க்கும் இடையில் நிற்கிறது. காசிமேட்டில் ஞாயிறு வாங்கும் மீன் ஃப்ரீசரில் அடுத்த வாரம் வரை தாங்குகிறது. பின்பக்கத் தகடு கீழே துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. பக்கத்துச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்திருக்கிறோம். நிஜமாகவே கம்ப்ரஸர் போகும் நாள் வந்தால், 13 வருடப் பெட்டிக்கு அவ்வளவு செலவு செய்ய மாட்டேன். அப்போது புதிது வாங்குவேன். 1,000, 1,500 ரூபாய்க்குள் முடிகிற கோளாறு எதுவாக இருந்தாலும் சரி செய்து ஓட்டத்தான் போகிறேன். பெரியவரின் எண்ணை ஃபிரிட்ஜ் கதவிலேயே ஒட்டி வைத்திருக்கிறேன்.