செசானோட ஆப்பிள் கூடை, பாளையங்கோட்டைல போட்ட கேன்வாஸ் பிரிண்ட்

பாளையங்கோட்டைல சாமி படத்துக்கும் கல்யாண போட்டோவுக்கும் பிரேம் போடுத கடை ஒண்ணுல, பிரெஞ்சு ஓவியர் பால் செசான் வரைஞ்ச ஆப்பிள் கூடை படத்த கேன்வாஸ்ல பிரிண்ட் போட்டு வாங்கிருக்கேன். 1893 வாக்குல வரைஞ்சது, ஒரிஜினல் அமெரிக்காவுல சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட்ங்குத மியூசியத்துல இருக்கு, அவங்க வெப்சைட்லயே பெருசா இலவசமா டவுன்லோட் பண்ணலாம், அத பென்டிரைவ்ல போட்டுக் கொண்டு போனேன்.

முதல் பிரிண்ட் சரியில்ல. பிரைட்னஸ ஏத்திட்டாவ, மேஜை மேல கெடக்குத துணி நீலம் போட்டு வெளுத்த வேட்டி மாதிரி ஒரே வெள்ளையா போச்சு. அந்தத் துணிலதான விஷயமே இருக்கு, சாம்பல், இளம் நீலம், பச்சன்னு பட்டை பட்டையா இழுத்துதான் மனுசன் அத வெள்ளைன்னு நம்ப வச்சிருக்காரு. போன்ல ஒரிஜினல காமிச்சதும் அண்ணாச்சி முகம் சுளிக்காம, கூட காசு வாங்காம திரும்பப் போட்டுக் குடுத்தாவ. "பாட்டில் சாஞ்சிருக்கே தம்பி, மேஜையும் இந்தப் பக்கம் ஒரு மட்டம் அந்தப் பக்கம் ஒரு மட்டமா இருக்கு, நேராக்கிருவமா"ன்னு கேட்டாவ. வேண்டாம் அண்ணாச்சி, ஒரே எடத்துல நின்னு பாத்தத மட்டும் வரையாம அங்கங்க இருந்து பாத்ததயும் சேத்து வரைஞ்சிருக்காருன்னேன். கொஞ்ச நேரம் உத்துப் பாத்துட்டு "அதான் பழம் இப்ப உருண்டு விழுந்துரும் போல இருக்கு"ன்னாவ. சரியா புடிச்சிட்டாவ!

ரெண்டாவது பிரிண்ட்ல ஆப்பிள் அவ்வளவு அருமையா வந்திருக்கு. பெருசா கருப்பு சேக்காம மஞ்ச, ஆரஞ்சு, செவப்பு, ஓரத்துல கொஞ்சம் பச்சன்னு நிறத்த மாத்தி மாத்தியே பழத்த உருட்டிருக்காரு, செவப்பு முன்னால வருது பச்ச பின்னால போவுது. பிரஷ் இழுப்பு பத்தமடை பாய்ல கோரை படுத்த மாதிரி பக்கத்துல பக்கத்துல, ஒண்ணயும் தேச்சு மழுப்பல. எங்கம்மா பாத்துட்டு "தூக்குனா நல்ல கனமா இருக்கும் போல"ன்னா, எனக்கு அது போதும்.

குறைன்னா, பெயிண்ட் தடிப்பா நிக்குத எடமெல்லாம் பிரிண்ட்ல தட்டைதான். ஒரிஜினல் 65க்கு 80 சென்டிமீட்டர், காசு பாத்து நான் பாதி சைஸ் போட்டது தப்பு, தட்டுல அடுக்கிருக்குத பிஸ்கட்ல இழுப்பு எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்துட்டு. போடுதவங்க கண்ணாடி வேண்டாம்னு முதல்லயே சொல்லிருங்க, டியூப் லைட் அடிச்சா படமே தெரியாது. தங்கக் கலர் பிரேம்தான் எடுத்து நீட்டுவாவ, மரக் கலர் கேட்டு வாங்குங்க. பொங்கலுக்கு முழு சைஸ்ல ஒண்ணு போடப் போறேன், இது அக்கா வீட்டுக்குப் போவுது.