பையன்கள் கையில் அரிவாள் ஏறாமலிருக்க: நெல்லைக்கு எந்த நிதி ஒத்துவரும்?

2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவரையும் தடுக்க வந்த அவருடைய தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள், அவரோடு ஒரே பள்ளியில் படித்த பையன்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில், அம்பாசமுத்திரம் பக்கம் பள்ளக்கால் பொதுக்குடி அரசுப் பள்ளியில், சாதி அடையாளமாகக் கையில் கட்டும் கயிற்றை வைத்துக் கிளம்பிய தகராறில் ஒரு பிளஸ் டூ மாணவர் உயிரிழந்தார். நாங்குநேரிக்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் பள்ளி மாணவரிடையே சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அரசு ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது.

இதற்கெல்லாம் பிறகு நெல்லைச் சீமையில் ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று துடிக்கிற சிறு அறக்கட்டளைகள், இளைஞர் மன்றங்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: பணத்துக்கு எங்கே எழுதிப் போட? கம்பெனி சிஎஸ்ஆர் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி), அரசுத் திட்டம், உள்நாட்டுப் பெரிய அறக்கட்டளை, வெளிநாட்டு நிதி, உள்ளூர்க்காரர் கைக்காசு என்று வழி பல இருக்கின்றன. இந்த ஒரு வேலைக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்பதை மட்டும் இங்கே எடை போடுகிறேன்.

முதலில் வேலையின் செலவு என்ன என்று பார்த்துவிடலாம். சண்டை பெரும்பாலும் பள்ளி வகுப்பறையில் தொடங்குவதில்லை. சாயங்காலம் நாலரை மணி டவுன் பஸ்ஸில் தொடங்குகிறது: படிக்கட்டில் யார் நிற்பது, கடைசி சீட்டு யாருக்கு, எவன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் எந்தப் பாட்டு வைத்தான். அந்த நேரத்தில் பையன்களோடு நிற்க, இரண்டு தெருவுக்கும் தெரிந்த ஓர் அண்ணன் வேண்டும். வாரம் தவறாமல், மூன்று வருஷமாவது. இரண்டு பேருக்கு மாதம் 18,000 வீதம் ஆண்டுக்கு 4,32,000 ரூபாய். நாற்பது பையன்களுக்கு டீயும் சுண்டலும் ஆளுக்கு 15 ரூபாய், மாதம் 22 நாள், பத்து மாதம்: 1,32,000. பெட்ரோல், பஸ் செலவு மாதம் 3,000 வீதம் 36,000. ஆக 6 லட்சம். இதில் நூற்றுக்கு 72 ரூபாய் சம்பளம். ஆகவே எந்த நிதியையும் நான் மூன்று கேள்விகளில்தான் அளக்கிறேன்: ஆள் சம்பளம் தருமா, எத்தனை வருஷம் தரும், பணம் எந்த மாதம் கைக்கு வரும்.

கம்பெனி சிஎஸ்ஆர்

நம் மாவட்டத்தில் பலர் முதலில் ஓடுவது இங்கேதான். கூடங்குளத்தில் அணுமின் நிலையம், கங்கைகொண்டான் சிப்காட், தாழையூத்து சிமென்ட் ஆலை என்று கண்ணெதிரே பெரிய தொழில்கள் நிற்கின்றன. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி அல்லது விற்றுமுதல் 1,000 கோடி அல்லது நிகர லாபம் 5 கோடி தொட்ட கம்பெனி, முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. இது நமக்குச் சாதகம்.

ஆனால் இந்தப் பணத்தை எதற்கெல்லாம் செலவிடலாம் என்று பட்டியலிடும் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் 'இளைஞர் வன்முறை தடுப்பு' என்று ஓர் இனமே கிடையாது. கல்வி இருக்கிறது, கிராமப்புற விளையாட்டு இருக்கிறது, பின்தங்கிய பிரிவினர் சந்திக்கும் ஏற்றத்தாழ்வைக் குறைத்தல் இருக்கிறது. விண்ணப்பத்தை அந்த மூன்றாவதன் கீழ் எழுதுவதே நேர்மை என்பது என் கருத்து. 'கபடிப் பயிற்சி' என்று மட்டும் எழுதினால் பணம் சீக்கிரம் வரலாம். பிறகு சாதிச் சண்டையைப் பற்றிப் பையன்களோடு பேச உட்காரும்போது கம்பெனிக்காரர் முகம் மாறும். சாதி என்ற சொல்லை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். அதைப் பார்த்து ஒதுங்குகிற கம்பெனி, நாளை ஊரில் ஒரு பிரச்சினை என்றால் நடுவில் விட்டுவிட்டுப் போகிற கம்பெனிதான்.

சம்பளம்தான் இங்கே பெரிய முட்டுக்கட்டை. 'நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் கூடாது' என்று சொல்லி ஆள் சம்பளத்தை வெட்டுவது வாடிக்கை. விதியை எடுத்துப் படித்தால் விஷயம் வேறு. அந்த 5 சதவீதம் கம்பெனி தன் சிஎஸ்ஆர் வேலையை நிர்வகிக்கச் செய்யும் பொதுச் செலவுக்கான வரம்பு. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது. பஸ் ஸ்டாண்டில் நிற்கும் அண்ணனின் சம்பளம் திட்டச் செலவு. பட்ஜெட்டில் 'பணியாளர்' என்று பொதுவாக எழுதாமல் 'களப்பணி: மாலை நேர வழிகாட்டிகள் 2 பேர்' என்று எழுதுங்கள்.

அடுத்தது மாதக் கணக்கு. நிதியாண்டு மார்ச் 31-இல் முடிவதால், வருஷக் கடைசியில் பணத்தைக் கொடுத்து 'உடனே செலவழியுங்கள்' என்பார்கள். நம் பையன்களின் வருஷம் ஜூனில் பள்ளி திறப்பதோடு தொடங்குகிறது. செப்டம்பர் 11 (இம்மானுவேல் சேகரன்), அக்டோபர் 30 (முத்துராமலிங்கத் தேவர்) நினைவு நாட்களை ஒட்டி ஃபிளெக்ஸும் ஸ்டேட்டஸும் சூடேறும். கோடையிலும் ஆடியிலும் கோயில் கொடை. மார்ச் மாதம் தேர்வு. அப்போது வரும் பணத்தில் நோட்டும் பையும் வாங்கிக் கொடுத்துப் போட்டோ எடுக்கத்தான் முடியும். இதற்கும் சட்டத்திலேயே வழி இருக்கிறது. கம்பெனியின் இயக்குநர் குழு இதைத் 'தொடர் திட்டம்' என்று ஒப்புக்கொண்டால், தொடங்கிய ஆண்டை விட்டு மேலும் மூன்று நிதியாண்டு வரை நீட்டலாம். செலவாகாத தொகையைத் தனிக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டியது இதுதான். தொகையைப் பிறகு பேசலாம்.

தகுதி: வெளி அமைப்பு என்றால் மூன்றாண்டு அனுபவம், வருமான வரித் துறையின் 12ஏ (அமைப்புக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச் சலுகை) பதிவு, கம்பெனிகள் விவகார அமைச்சகத்தில் பதிந்து வாங்கும் சிஎஸ்ஆர்-1 எண். நேற்றுப் பதிவு செய்த அறக்கட்டளைக்கு இந்தக் கதவு திறக்காது.

அரசுத் திட்டங்கள்

அரசிடம் பணம் தேடிப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். அனுமதி தேடிப் போகிறவர்களுக்குப் பலன் உண்டு. 'மிஷன் வாத்சல்யா' என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற விகிதத்தில் பணம் போடுகின்றன. அது பெரும்பாலும் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் இல்லங்கள், வளர்ப்புப் பராமரிப்பு என்று போய்விடும். 'நமக்கு நாமே' திட்டத்தில் ஊர் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதி அரசு தரும். விளையாட்டுத் திடல், நூலகக் கட்டடம் கட்டலாம், ஆளுக்குச் சம்பளம் தர முடியாது. 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழியே வரும் நன்கொடையும் அரசுப் பள்ளியின் தேவைக்கே போகிறது.

ஆனால் முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதிக் கடிதம் இல்லாமல் அரசுப் பள்ளிக்குள் நீங்கள் கால் வைக்க முடியாது. அந்தக் கடிதத்தையும் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தையும் விண்ணப்பத்தோடு இணைத்தால், மற்ற எந்த நிதியாளரும் உங்களை வேறு கண்ணோடு பார்ப்பார். சந்துரு குழு, மாணவர் எண்ணிக்கை கூடிய பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் வேண்டும் என்றது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு போன்ற அடையாளங்களைத் தடுக்கச் சொன்னது. உங்கள் திட்டம் அந்தப் பரிந்துரைகளில் எதோடு சேர்கிறது என்று ஒரு பத்தி எழுதுங்கள்.

பெரிய அறக்கட்டளைகள், வெளிநாட்டு நிதி

அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை போல உள்நாட்டிலேயே நிதி தரும் அமைப்புகள் உண்டு. ரோகிணி நிலேகணி பிலாந்த்ரபிஸ் இளம் ஆண்களோடும் பையன்களோடும் செய்யும் வேலைக்கென்றே தனியாகக் கவனம் கொடுக்கிறது; நம் விஷயத்துக்கு இவ்வளவு நெருங்கி வருவது அபூர்வம். இப்படிப்பட்ட இடங்களில் ஆள் சம்பளத்தைப் பற்றித் தயக்கமின்றிப் பேசலாம், பல வருஷத் திட்டம் கேட்கலாம். மூன்று கேள்விகளில் முதல் இரண்டுக்கும் நல்ல பதில் இங்கேதான் கிடைக்கும். விலை என்னவென்றால் காலமும் ஆவணமும். தணிக்கை அறிக்கை, குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை, தொடக்க நிலைக் கணக்கு (வேலை தொடங்குமுன் நிலைமை எப்படி இருந்தது என்ற எண்ணிக்கை) என்று கேட்பார்கள். நடக்காமல் போன சண்டையை எப்படி எண்ணுவது என்று திகைக்க வேண்டாம். தகராறு நடந்த மறுநாள் எத்தனை பேர் பள்ளிக்கு வரவில்லை, ஒன்பதாம் வகுப்பிலிருந்து பதினொன்றாம் வகுப்புக்குள் எத்தனை பேர் நின்றுபோனார்கள், இரண்டு தெருப் பையன்களும் சேர்ந்து ஆடும் அணி எத்தனை: இவற்றை இப்போதே ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதத் தொடங்குங்கள்.

வெளிநாட்டு நிதி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவுக்கு மூன்றாண்டு இருப்பும், அந்த மூன்றாண்டில் 15 லட்சம் ரூபாய் பணியில் செலவிட்ட கணக்கும் வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பின் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஒரு அமைப்பு வாங்கிய பணத்தை இன்னொன்றுக்கு மாற்றித் தர முடியாது, பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் வந்து இறங்க வேண்டும். ஆண்டுக்கு 6 லட்சம் செலவுள்ள வேலைக்கு இந்தச் சுமை தேவையில்லை.

உள்ளூர்க் காசு

என் முதல் ஓட்டு இதற்குத்தான். மாதம் 500 ரூபாய் தரும் நூறு பேர் கிடைத்தால் ஆண்டுக்கு 6 லட்சம். மேலே போட்ட கணக்கு அப்படியே நிறைகிறது. ஜூனிலும் வரும், ஆடியிலும் வரும். "ரெண்டு பேருக்குச் சம்பளம் எதுக்கு வே, கேமரா வச்சிரலாம்லா?" என்று கடைத்தெரு அண்ணாச்சி கேட்பார். கேமரா வெட்டியவனைக் காட்டும், வெட்டப் போகிறவனோடு டீ குடிக்காது என்று அவரிடம் பொறுமையாகச் சொல்ல வேண்டும். சென்னையில், துபாயில், சிங்கப்பூரில் இருக்கும் ஊர்க்காரர்களிடமும் கேட்கலாம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவரின் பணம் வெளிநாட்டு நிதிதான். எஃப்சிஆர்ஏ இல்லாமல் தொடக்கூடாது. 80ஜி ரசீது தருவதென்றால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்காதீர்கள். புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கு அந்தச் சலுகையே கிடையாது, அதனால் வரிச் சலுகையைச் சொல்லிக் காசு கேட்பதில் பெரிய பயனில்லை.

இதில் ஓர் ஆபத்து மற்ற எதிலும் இல்லாதது. ஒரே சமுதாயத்துச் சங்கத்திடமிருந்து பெரிய தொகை வந்தால், அடுத்த தெருப் பையன் அன்றோடு நின்றுவிடுவான். எவ்வளவு நல்ல மனசோடு கொடுத்தாலும் சரி. ஆளுக்கு உச்சவரம்பு வையுங்கள். தந்தவர் பட்டியலை ஊர் பார்க்கும்படி ஒட்டுங்கள். மேடையில் பொன்னாடை வேண்டாம்.

புதிதாகத் தொடங்கும் அமைப்பு முதல் மூன்று வருஷம் உள்ளூர்க் காசிலும் கல்வி அலுவலர் கடிதத்திலும் நின்றுகொண்டு, அதற்குள் கணக்கையும் நோட்டையும் சேர்த்துவைத்து, நான்காம் வருஷம் அறக்கட்டளைக்கும் சிஎஸ்ஆருக்கும் ஒருசேர எழுதுவது நல்லது. ஏற்கெனவே மூன்றாண்டு கண்ட அமைப்பு இப்போதே அறக்கட்டளைக்கு எழுதலாம். சிஎஸ்ஆரைத் திடலுக்கும் பந்துக்கும் வைத்துக்கொள்ளலாம்.

யாரிடம் வாங்கினாலும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். வெற்றிக்கதை வேண்டும், பையனின் படம் வேண்டும், 'முன்பு அரிவாள் எடுத்தவன்' என்று போட வேண்டும் என்பார்கள். இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 74-ஆவது பிரிவு, சட்டத்தோடு முரண்பட்ட குழந்தையையோ பராமரிப்பு தேவைப்படும் குழந்தையையோ அடையாளம் காட்டும் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடத் தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். 'திட்டத்தில் உள்ள எந்தச் சிறுவரின் முகமும் பெயரும் ஊரும் எந்த வெளியீட்டிலும் வராது; அறிக்கையில் எண்ணிக்கை மட்டுமே தரப்படும்' என்பதுதான் அந்த வரி. அதற்கு ஒத்துவராதவரின் பணம் எவ்வளவு பெரிதானாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.